ரயிலைப் படம் பிடிக்க எங்கே போய் நிற்பது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ரயில் என்றால் சின்ன வயதிலிருந்தே எனக்கு உயிர். இப்போதுதான் கையில் ஒரு கேமரா வந்திருக்கிறது. படம் எடுக்க நல்ல இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் தடவை கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். கேமரா இருந்தால் வருகிற முதல் வண்டியையே எடுக்கக் கை பரபரக்கும், இடத்தைப் பார்க்கவே மாட்டீர்கள். ஒரு மணி நேரம் சும்மா நின்று, வண்டியின் முகம் எந்த இடத்தில் முதலில் தெரிகிறது, எந்த மின்கம்பம் குறுக்கே வருகிறது, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். அடுத்த முறை போகும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

நான் முதலில் தேடுவது வளைவைத்தான். நேர்ப்பாதையின் ஓரமாக நின்றால் எஞ்சின் மட்டும் பெரிதாக விழுந்து, பெட்டிகள் எல்லாம் அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். வளைவின் உள்பக்கம் நின்றால் எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டி வரை மொத்த வண்டியும் ஒரே படத்தில் வந்துவிடும். அமெரிக்காவில் அல்டூனா பக்கத்தில் இருக்கும் ஹார்ஸ்ஷூ கர்வ் 1854-லிருந்து ஓடும் பாதை, அதன் உள்வளைவில் பார்க்க வருகிறவர்களுக்கென்றே பூங்கா அமைத்திருக்கிறார்கள். அங்கே நின்றால் வண்டி நம்மைச் சுற்றிக்கொண்டு போகும்.

வளைவோடு ஏற்றமும் சேர்ந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் வண்டி மெதுவாக வரும், எஞ்சின் திணறி இழுக்கிற சத்தம் தூரத்திலேயே கேட்கும், தயாராக நேரம் கிடைக்கும். கலிஃபோர்னியாவின் டெஹாச்சபி லூப் 1876-ல் முடிந்தது. மலையேற வழியில்லாமல் பாதையையே ஒரு வட்டமாகச் சுற்றி 23 மீட்டர் மேலே தூக்கியிருக்கிறார்கள். 1,200 மீட்டரைத் தாண்டும் நீளமான கூட்ஸ் வண்டி வந்தால் அதன் தலை தன் வாலுக்கு மேலேயே கடந்து போகும்!

ஆனால் பெயர்பெற்ற இடத்துக்குத்தான் போகவேண்டும் என்று நினைக்காதீர்கள். சுவிட்சர்லாந்தின் லாண்ட்வாசர் பாலம் 65 மீட்டர் உயரத்தில் வளைந்து போய் நேராகப் பாறைக்குள் இருக்கும் சுரங்கத்தில் நுழைகிறது, அழகுதான், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. அங்கேயும் தப்பான நேரத்தில் போனால் கறுப்பாகத்தான் விழும். இடத்தை நிஜத்தில் தீர்மானிப்பது சூரியன்தான். பாதை வடக்கு தெற்காகப் போனால் காலையில் கிழக்குப் பக்கமும் சாயங்காலம் மேற்குப் பக்கமும் நில்லுங்கள். கிழக்கு மேற்காகப் போனால், வட கோளார்த்தத்தில் இருப்பவர்களுக்கு ஆண்டின் பெரும்பகுதி தென்பக்கம்தான் சரி. உச்சிவெயிலில் சக்கரமும் அடிப்பகுதியும் இருட்டாகிவிடும். வெயில் சாய்ந்த பிறகு எடுத்துப் பாருங்கள், சக்கரத்தின் விளிம்பு, பிரேக் கட்டை, ஸ்பிரிங் எல்லாம் ஒவ்வொன்றாகத் தெரியும்.

கேள்வி: வேகமாகப் போகிற வண்டி எனக்குக் கலங்கலாகவே விழுகிறது. கேமராவில் கோளாறா?

கேமரா சரியாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு 100 கி.மீ. வேகம் என்றால் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர். ஷட்டர், அதாவது கேமராவுக்குள் ஒளியை விடும் திரை, 1/250 வினாடி திறந்திருந்தால் அதற்குள் வண்டி 11 செ.மீ. நகர்ந்துவிடுகிறது. 1/1000 வைத்தால் 3 செ.மீ.கூட நகராது. அதோடு, உங்களுக்குக் குறுக்காகப் போகிற வண்டிதான் அதிகம் கலங்கும், சாய்வாக எதிரே வருகிற வண்டி அவ்வளவு கலங்காது.

ஃபோகஸை வண்டி வந்த பிறகு தேடாதீர்கள். எஞ்சின் எங்கே வரும்போது எடுக்கப் போகிறீர்களோ, அந்த இடத்துத் தண்டவாளத்தில் முன்கூட்டியே ஃபோகஸ் செய்து பூட்டிவிடுங்கள். அப்புறம் இன்னொன்று, இப்போதைய வண்டிகளின் எல்இடி ஊர்ப் பெயர்ப் பலகை வேகமான ஷட்டரில் பாதி எழுத்துதான் விழும். ஊர்ப் பெயர் முழுசாக வேண்டுமென்றால் வண்டி நிற்கும்போது 1/125 அல்லது அதைவிட மெதுவாக வைத்து எடுங்கள்.

கேள்வி: பத்து வயது மகனையும் கூட்டிப் போகலாமா? வீட்டில் பயப்படுகிறார்கள்.

தாராளமாகக் கூட்டிப் போங்கள், பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. நடை மேம்பாலம், மூடிய லெவல் கிராசிங் கேட்டுக்கு வெளியே, பிளாட்ஃபாரத்தில் கோட்டுக்குப் பின்னால், பாதையைத் தள்ளி இருக்கிற பொது ரோடு, இவை போதும். வேலியைத் தாண்ட வேண்டிய இடம் எதுவும் நல்ல இடம் இல்லை.

ஒரு தடவை நான் கேட் அருகே நின்று ஒரு கூட்ஸ் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பெட்டி கடந்ததும், முடிந்துவிட்டது என்று ஒருவர் கேட்டுக்கு அடியில் குனிந்தார். பக்கத்துப் பாதையில் எதிர்ப்பக்கமாக எக்ஸ்பிரஸ் வந்தது. அதன் சத்தம் கூட்ஸின் சத்தத்தில் கரைந்து போயிருந்தது, எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் அவர் பிழைத்தார். அன்று எடுத்த படங்களை நான் இன்னும் திறந்து பார்க்கவில்லை. மகனுக்கு முதலில் சொல்லவேண்டியது இதைத்தான்: ஒரு வண்டி போனால் இன்னொன்று வரும். 100 கி.மீ. வேகத்தில் வருகிற வண்டி பிரேக் போட்டாலும் நிற்க ஒரு கிலோமீட்டர்கூட ஆகலாம்.

மேலே போகிற மின்கம்பியில் பல நாடுகளில் 25,000 வோல்ட் ஓடுகிறது. தொடவேண்டும் என்றில்லை, நெருங்கினாலே தாவும். பாலத்தின் மேல் நின்று செல்ஃபி ஸ்டிக்கையோ டிரைபாடையோ கம்பிப் பக்கம் நீட்டவே கூடாது. ஃபிளாஷும் வேண்டாம், ஓட்டுநரின் கண் கூசும்.

தண்டவாளத்துக்கு நடுவே நின்று எடுத்த படத்தை யார் காட்டினாலும் நான் பாராட்டமாட்டேன், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

கேள்வி: நீலகிரி மலை ரயிலை எடுக்கப் போகிறேன். ஏதாவது யோசனை?

ஒரு விஷயம் தெரியாமல் பலர் ஏமாந்து போகிறார்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் 12 அடிக்கு ஓரடி என்கிற அளவுக்குச் செங்குத்து, பல்சக்கரம் பிடித்துத்தான் ஏறும். ஏறும்போது எஞ்சின் முன்னால் இழுப்பதில்லை, கீழ்ப்பக்கம் இருந்துகொண்டு பெட்டிகளைத் தள்ளுகிறது. முகப்பில் எஞ்சினை எதிர்பார்த்துக் காத்திருந்தால் பெட்டிதான் முதலில் வரும். அதனால் பெட்டிகளை விட்டுவிடுங்கள். எல்லாம் கடந்த பிறகு, பின்னால் தள்ளிக்கொண்டு வருகிற எஞ்சினுக்காகக் காத்திருங்கள். காற்று குளிர்ந்திருந்தால் நீராவி அடர்த்தியாக வெள்ளையாகத் தெரியும், வெயில் ஏறினால் அது சீக்கிரம் கரைந்துவிடும்.

கேள்வி: இருட்டிய பிறகு எடுக்க முடியுமா?

முடியும், நிலையத்தில் நிற்கிற வண்டியை எடுங்கள். சூரியன் மறைந்த உடனே வானம் நீலமாக இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வெளிச்சமும் வானமும் ஒரே அளவில் விழும். டிரைபாட் வைக்க அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஓடுகிற ரயிலை இரவில் எடுத்தவர்களில் வின்ஸ்டன் லிங்க் என்பவரைத் தேடிப் பாருங்கள். 1955-லிருந்து சில வருடங்கள், அமெரிக்காவின் கடைசி நீராவி எஞ்சின்களை, பகல் வெயிலை நம்பாமல் டஜன்கணக்கான ஃபிளாஷ் பல்புகளைத் தானே கட்டி வைத்து எடுத்தார். ரயில் கம்பெனியின் ஒத்துழைப்போடு செய்தது அது, நாமாகச் செய்யக்கூடாது.

கேள்வி: எனக்குப் படம் எடுக்கவே தோன்றவில்லை, வேடிக்கை பார்த்தால் போதும் என்றிருக்கிறது. நண்பர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

பார்க்கட்டும். ஜப்பானில் படம் எடுக்கிறவர்களுக்கு 'டோரி டெட்சு', ஏறிப் பயணம் செய்வதையே விரும்புகிறவர்களுக்கு 'நோரி டெட்சு' என்று தனித்தனியாகவே பெயர் வைத்திருக்கிறார்கள். ரயிலை நேசிக்க ஒரே ஒரு வழிதான் என்று யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் ஒரு வளைவுக்கு அருகே போய் நில்லுங்கள். முதலில் மேலே மின்கம்பி லேசாக நடுங்கும், அப்புறம் தண்டவாளத்தில் சன்னமாக ஒரு சீறல். வண்டி இன்னும் கண்ணுக்கே வராது, அதன் விளக்கு வெளிச்சம் மட்டும் வளைவிலிருந்து இரண்டு கோடாக தண்டவாளத்தின் மேல் ஓடி வரும்.