முழங்கால் வலியோடு நடக்கலாமா? 67 வயது வாசகியின் கேள்வி

கேள்வி: எனக்கு 67 வயது. மயிலாடுதுறையில் இருக்கிறேன். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டு வருடமாக வலது முழங்காலில் வலி. இப்போது இடது காலிலும் ஆரம்பித்திருக்கிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, மூட்டுத் தேய்மானம், மூன்றாம் நிலை என்றார்கள். உட்கார்ந்து எழுந்தால் கரகரவென்று சத்தம் வருகிறது. நடந்தால் இன்னும் தேயும் என்று எல்லோரும் சொல்வதால் வாக்கிங்கை விட்டுவிட்டேன், மாடிக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். வலி அதிகமானால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். எடை 72 கிலோ. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. வருடம் தவறாமல் பழனிக்குப் படியேறிப் போனவள், இரண்டு வருடமாகப் போகவில்லை. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவும் முடியவில்லை. இனிமேல் இப்படியேதானா?

பதில்: அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்படியே இருக்க வேண்டியதில்லை. வலி முழுதாகப் போய்விடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் இன்றைக்கு இருப்பதைவிட நன்றாக நடக்க முடியும், மாடிப்படியும் ஏற முடியும். 22 வருடமாக பிசியோதெரபி செய்கிறேன், அதில் பாதிக்கு மேல் உங்களைப் போன்றவர்களின் முழங்கால்களைத்தான் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் இதைச் சொல்கிறேன்.

உங்களுக்கு அதிகம் கெடுதல் செய்திருப்பது 'தேய்மானம்' என்ற அந்தச் சொல்தான் என்பேன். அதைக் கேட்டதும் செருப்பின் அடிப்பாகம் ஞாபகத்துக்கு வருகிறது. நடக்க நடக்கத் தேயும், நடக்காமல் வைத்திருந்தால் மிச்சமாகும் என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது. மூட்டு அப்படி வேலை செய்வதில்லை. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்கு ஊட்டம் போக வேண்டும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைத் தண்ணீருக்குள் அழுத்தி விட்டால் எப்படி உறிஞ்சிக்கொள்கிறதோ, அதுபோல நீங்கள் காலை ஊன்றி எடுக்கும்போதுதான் குருத்தெலும்பு அமுங்கி, விரிந்து, திரவத்தை உள்ளே இழுக்கிறது. காலை அசைக்காமல் வைத்திருந்தால் அதற்குச் சாப்பாடு போகாது. காலையில் எழுந்ததும் முட்டி பிடித்துக்கொண்டு, நாலு அடி நடந்த பிறகு இளகுகிறது இல்லையா? அசைவு மூட்டுக்கு நல்லது என்று உங்கள் காலே தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

எக்ஸ்ரேயைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் தெரியும் நிலைக்கும் வலிக்கும் நேரடிக் கணக்கு கிடையாது. மூன்றாம் நிலை எக்ஸ்ரேயோடு நாற்று நடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், முதல் நிலையிலேயே படுத்துவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். குருத்தெலும்பில் நரம்பே இல்லை. வலி வருவது அதைச் சுற்றியுள்ள ஜவ்வு, எலும்பு, தசைநார், தசை ஆகியவற்றிலிருந்து. கரகர சத்தத்தோடு வலியும் வீக்கமும் கூடவில்லை என்றால், அந்தச் சத்தத்துக்காகக் கவலைப்பட வேண்டாம்.

சரி, அப்படியானால் ஏன் இவ்வளவு சிரமம்? இங்கேதான் தொடைத் தசை வருகிறது. நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை நேராக நீட்டி, முழங்கால் சில்லுக்கு நாலு விரல் மேலே தொடையைக் கையால் பிடித்துப் பாருங்கள். பிறகு இடது தொடை. அதிகம் வலிக்கும் பக்கம் கொழகொழவென்று, சற்றுச் சின்னதாக இருக்கும். என்னிடம் வருபவர்களுக்கு டேப் வைத்து அளந்தே காட்டுவேன். முழங்கால் வலித்தால் மூளை அந்தத் தசைக்குப் போகும் உத்தரவைக் குறைத்துவிடும். வலியினால் நாமும் அதைப் பயன்படுத்துவதில்லை. அதற்கு மேல், வயது ஏற ஏறத் தசை தானாகவே குறைகிறது. மூன்றும் சேர்ந்ததும் தொடை தாங்க வேண்டிய சுமை மூட்டின் மேல் விழுகிறது. மூட்டு இன்னும் வலிக்கிறது, இன்னும் உட்கார்ந்துவிடுகிறோம். நீங்கள் வாக்கிங்கை விட்ட இந்த இரண்டு வருடத்தில் நடந்தது இதுதான்.

67 வயதில் தசை திரும்ப வளருமா என்று கேட்பீர்கள். வளரும். 1990-ல் அமெரிக்காவின் பாஸ்டனில், முதியோர் இல்லத்தில் இருந்த 86 முதல் 96 வயது வரையிலானவர்களுக்கு எட்டு வாரம் தொடைத் தசைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய தசை பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில் அவர்களுக்கு முடிந்தது உங்களுக்கும் முடியும்.

முதலில் இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். கைப்பிடி இல்லாத, உறுதியான நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். வீட்டில் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதுப் பெண்களுக்கு 11-க்குக் கீழே என்றால் கால் பலம் குறைவு, விழும் அபாயமும் உண்டு என்று அர்த்தம். கையை ஊன்றாமல் ஒருமுறைகூட எழ முடியவில்லையா? அதையும் பூஜ்யம் என்று காலண்டரில் எழுதிவையுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, பூஜ்யத்தில் ஆரம்பித்தவர்கள் நிறையப் பேர்.

பயிற்சியை வரிசையாகச் சொல்கிறேன். கட்டிலில் காலை நீட்டிப் படுத்து, முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டை உருட்டி வையுங்கள். துண்டைக் கட்டிலோடு நசுக்குவதுபோல் முட்டியைக் கீழே அழுத்தி, ஐந்து எண்ணி விடுங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். மூச்சை மட்டும் பிடிக்காதீர்கள், உங்களுக்கு பிரஷர் இருக்கிறது, வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக ஓடும். ஒரு வாரம் கழித்து, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி ஐந்து எண்ணும்வரை நிறுத்துங்கள். அப்புறம் எழுந்து உட்காரும் பயிற்சி. அதற்கு நாற்காலியின் மேல் தலையணையைப் போட்டு உயரமாக்கிக்கொள்ளுங்கள். பாதத்தை முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை குனிந்து, பிறகு எழுங்கள். பெரும்பாலானவர்கள் முதுகை நிமிர்த்தியபடியே எழப் பார்ப்பதால்தான் முட்டி மேல் பாரம் விழுகிறது. எழுவதைவிட மெதுவாக உட்காருங்கள், தொப்பென்று விழ வேண்டாம். வாரம் மூன்று நாள், எட்டு முறை. சுலபமாகிவிட்டால் தலையணையை எடுத்துவிடுங்கள்.

வலித்தால் என்ன செய்வது என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். பத்துக்கு மூன்று, நான்கு என்ற அளவில் வலி இருந்தால் தொடரலாம். மறுநாள் காலையில் அது பழைய நிலைக்குத் திரும்பியிருந்தால் சரியான அளவில் செய்திருக்கிறீர்கள். மறுநாளும் கூடுதலாக வலித்தால், வீங்கினால், எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள். ஆறு வாரத்துக்கு முன்னால் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம். மூன்றாவது வாரத்தில் அலுத்துப்போய் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், அந்த வாரத்தை மட்டும் பிடிவாதமாகத் தாண்டிவிடுங்கள்.

வாக்கிங்கைத் திரும்ப ஆரம்பியுங்கள். ஒரே மூச்சில் அரைமணி நேரம் வேண்டாம், பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை. இன்னொன்றும் கவனியுங்கள். வலி குறைவாக இருக்கும் நாளில் ஒட்டடை அடித்து, பரண் ஒழித்து, பண்டம் பாத்திரம் எல்லாம் தேய்த்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் எழ முடியாமல் படுப்பது நம் வீடுகளில் வழக்கம். நல்ல நாளிலும் அளவோடு செய்யுங்கள், மோசமான நாளிலும் கொஞ்சம் செய்யுங்கள்.

படிக்கட்டுக்கு ஒரு விதி உண்டு. ஏறும்போது வலி குறைந்த கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். கை கைப்பிடியில் இருக்கட்டும். சமதரையில் நடக்கும்போது முழங்காலில் உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு சுமை விழுகிறது. படி ஏறும்போது மூன்று மடங்குக்கு மேல், இறங்கும்போது கிட்டத்தட்ட மூன்றரை மடங்கு. 72 கிலோவுக்கு அது 250 கிலோ. எடை குறைப்பதன் பலனும் இப்படிப் பெருகித்தான் கிடைக்கும். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ சுமை குறைகிறது. நாலு கிலோ குறைத்தாலே கால் அதை உணரும், சர்க்கரைக்கும் நல்லது. கைத்தடி பிடித்தால் அதிகம் வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள், உங்களுக்கு இடது கை. நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்குச் சமமாக வர வேண்டும்.

தரையில் உட்கார்வதைப் பற்றி. கோலம், அரிவாள்மனை, சம்மணம் போட்டு இலையில் சாப்பாடு, பூஜை எல்லாமே தரையோடு இருந்தவை. அதை விடச் சொல்லும்போது பலருக்குக் கண் கலங்கும், எனக்கும் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கும். நடக்க முழங்கால் 60, 70 டிகிரி மடங்கினால் போதும், குந்தி உட்கார 130 டிகிரிக்கு மேல் மடங்க வேண்டும். அந்த மடிப்பில்தான் உங்கள் மூட்டில் அழுத்தம் மிக அதிகம். அதனால் காய் நறுக்குவதை மேஜைக்கு மாற்றுங்கள், பூஜைக்கு நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். கழிவறை இந்திய முறையானால் வெஸ்டர்னாக மாற்றுங்கள், இதில் தள்ளிப்போடவே வேண்டாம். பக்கச் சுவரில் பிடித்து எழ ஒரு கம்பியும் பொருத்தச் சொல்லுங்கள். டவல் மாட்டும் கம்பி ஆளைத் தாங்காது.

ஆனால் தரையிலிருந்து எழுந்திருக்கும் வித்தை மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்றாவது விழுந்தால் தேவைப்படும். கனமான நாற்காலி ஒன்றைச் சுவரோடு வையுங்கள். தரையில் கனமான ஜமுக்காளத்தை மடித்துப் போடுங்கள். பக்கவாட்டில் ஒருக்களித்து, கையை ஊன்றி, தவழும் குழந்தைபோல் நாலு காலில் வாருங்கள். நாற்காலிவரை தவழ்ந்து இரண்டு கைகளையும் இருக்கையின் மேல் வையுங்கள். வலி குறைந்த காலின் பாதத்தை முன்னால் ஊன்றுங்கள். கைகளையும் அந்தக் காலையும் சேர்த்து அழுத்தி எழுந்து, திரும்பி நாற்காலியில் உட்காருங்கள். நின்றதும் நடக்காதீர்கள், ஒரு நிமிடம் உட்கார்ந்து மூச்சு வாங்குங்கள். முதல் சில தடவை மகனோ மருமகளோ பக்கத்தில் இருக்கும்போது கட்டிலின் ஓரத்தைப் பிடித்துச் செய்து பாருங்கள். தரையைக் கண்டு வரும் பயம் பாதி போய்விடும்.

இப்போது மாத்திரை. இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மெடிக்கலில் வலி என்று கேட்டால் கொடுக்கும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கும், பிரஷரைக் கூட்டும், வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கும். சர்க்கரையும் பிரஷரும் உள்ள 67 வயது உடலுக்கு இந்த ஆபத்து மிக அதிகம். சில பிரஷர் மாத்திரைகளோடு சேரும்போது சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்படலாம். டாக்டரைக் கேட்காமல் இனி ஒன்றுகூடப் போடாதீர்கள். இதுவரை போட்டதையும் மறைக்காமல் சொல்லி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். டைக்ளோஃபெனாக் ஜெல்லாகத் தடவினால் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு, முழங்காலுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். அதையும் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். வெந்நீர் ஒத்தடம் 15 நிமிடம் கொடுக்கலாம். சர்க்கரையால் தோலில் சூடு தெரியாமல் போயிருக்கலாம், அதனால் சூட்டை மற்றவர் கையால் பார்த்த பிறகு வையுங்கள். மூட்டுக்கு நல்லது என்று விற்கும் குளுக்கோசமைன் மாத்திரைக்கு மாதாமாதம் செலவு செய்வதைவிட அந்தப் பணத்தில் நல்ல குஷன் வைத்த செருப்பு வாங்கலாம் என்பது என் கருத்து.

முட்டி திடீரென்று சூடாக வீங்கினால், காய்ச்சலும் சேர்ந்தால், காலை ஊன்றவே முடியாவிட்டால், கெண்டைக்கால் வீங்கி வலித்தால், மடக்கிய முட்டி பூட்டிக்கொண்டு நீட்ட வராவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காலையில் எழுந்ததும் இருக்கும் விறைப்பு அரைமணியைத் தாண்டி நீடித்து, கைவிரல் மூட்டுகளும் வீங்கினால் அது வேறு வகை வாதமாக இருக்கலாம், அதற்கு வேறு மருந்து. மூட்டு மாற்று அறுவை சிகிச்சையைப் பொறுத்தவரை, மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் தூக்கம் கெடும் அளவுக்கு வலி இருந்தால் எலும்பு மருத்துவரிடம் பேசலாம். அப்போதும் இந்தத் தொடைப் பயிற்சி வீணாகாது. பலமான காலோடு ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் சீக்கிரம் எழுந்து நடக்கிறார்கள்.

பழனிக்கு வருவோம். 693 படியையும் ஏறி இறங்குவது இந்த வருடம் வேண்டாம். மூன்று மாதம் கழித்து நாற்காலிக் கணக்கு 11-ஐத் தாண்டியிருந்தால், கூட்டம் இல்லாத ஒரு நாளில், அதிகாலையில், செங்குத்துப் படியை விட்டுவிட்டு யானைப் பாதையில் கொஞ்ச தூரம் ஏறிப் பாருங்கள். சரிவு குறைவு, உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம். முடிந்தால் மேலே போங்கள், முடியாவிட்டால் திரும்பி வந்து விஞ்சில் ஏறிக்கொள்ளுங்கள். இறங்கும்போது மட்டும் கட்டாயம் விஞ்சோ ரோப் காரோதான். ரோப் காரைப் பலத்த காற்றிலும் பராமரிப்பு நாட்களிலும் நிறுத்திவிடுவார்கள், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் முதல் நாள் எத்தனை, ஆறாவது வாரம் எத்தனை என்று எனக்கு எழுதுங்கள் அம்மா, அதைப் பார்த்து அடுத்த பயிற்சியைச் சொல்கிறேன்.