புக்தல் மடாலயப் பயணத்துக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 54, மனைவிக்கு 51. திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். 58 வயதில் ஓய்வு. மாதச் சம்பளம் கையில் 78,000 ரூபாய், வீட்டுச் செலவு 56,000 ரூபாய். கடன் ஏதும் இல்லை. வங்கி வைப்புநிதியில் 4 லட்சமும், சேமிப்புக் கணக்கில் 60,000 ரூபாயும் இருக்கின்றன. மகனின் இறுதியாண்டுக் கல்லூரிக் கட்டணம் 1,80,000 ரூபாயை வரும் ஜூலையில் கட்ட வேண்டும். லடாக்கின் சான்ஸ்கர் பகுதிக்குச் சென்று, குகையை ஒட்டிக் கட்டப்பட்ட புக்தல் புத்த மடாலயத்தை நடந்தே போய்ப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் பல ஆண்டு ஆசை. வழிகாட்டியுடன் அழைத்துச் செல்லும் ஒரு நிறுவனம் 11 நாள் பயணத்துக்குத் தலைக்கு 68,000 ரூபாய் கேட்கிறது. லே நகரில் ஓய்வுக்கென ஒதுக்கிய இரண்டு நாட்களை நீக்கிவிட்டால் 59,000 ரூபாய்க்கு 9 நாளில் முடித்துத் தருவதாகவும் சொல்கிறது. இந்த ஆகஸ்டிலேயே போக விரும்புகிறோம். தனிநபர் கடன் வாங்கலாமா, வைப்புநிதியை உடைக்கலாமா, அல்லது மனைவியின் நகையை அடகு வைக்கலாமா? எனக்கு இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு. மருத்துவக் காப்பீடாக நிறுவனத்தின் குழுக் காப்பீடு மட்டுமே இருக்கிறது.

பதில்: நீங்கள் இருவரும் அவசியம் போய்வர வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் இந்த ஆகஸ்டில் வேண்டாம், அடுத்த ஆண்டு ஜூலையில் போங்கள். கடன் வாங்காமல் போங்கள். 9 நாள் திட்டத்தை விட்டு 11 நாள் திட்டத்தில் போங்கள். இவற்றுள் கடைசியாகச் சொன்னதையே நான் முதன்மையானதாகக் கருதுகிறேன்.

முதலில் செலவைச் சரியாகக் கணக்கிடுவோம். இருவருக்கும் 1,36,000 ரூபாய் என்பது நிறுவனம் சொன்ன விலை மட்டுமே. சுற்றுலா ஏற்பாட்டுச் சேவைக்குப் பொதுவாக 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு; அது விலையில் அடங்கவில்லையெனில் 6,800 ரூபாய் கூடும். திருச்சியிலிருந்து தில்லி வழியாக லே சென்று திரும்ப, பருவ காலக் கட்டணத்தை மனதில் கொண்டு தலைக்கு 25,000 ரூபாய் வீதம் 50,000 ரூபாய் ஒதுக்குகிறேன். லே விமானங்கள் பெரும்பாலும் காலை வேளையில்தான் என்பதால் போகும்போதும் வரும்போதும் தில்லியில் இரவு தங்க வேண்டியிருக்கும்; அதற்கும் வழிச் சாப்பாட்டுக்குமாக 12,000 ரூபாய். கணுக்காலைத் தாங்கும் காலணி, ஊன்றுகோல், வாடகைக்கு எடுக்கும் குளிராடை ஆகியவற்றுக்கு 16,000 ரூபாய். காப்பீட்டுக்கு 4,000 ரூபாய். குதிரைக்காரர், சமையற்காரர், வழிகாட்டி ஆகியோருக்குக் கொடுக்கும் அன்பளிப்பும் மடாலயங்களில் செலுத்தும் காணிக்கையுமாக 8,000 ரூபாய். இவற்றுக்கு மேல் எதிர்பாராத செலவுக்கென்று 25,000 ரூபாய். கூட்டினால் 2,57,800 ரூபாய் வருகிறது. விலைத்தாளில் பார்த்த தொகைக்கும் உண்மைச் செலவுக்கும் ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம் இடைவெளி இருப்பதால்தான், கடன் வாங்கிக் கிளம்பியவர்கள் பாதி வழியில் கிரெடிட் கார்டையும் தேய்க்க நேர்கிறது.

எதிர்பாராத செலவு என்று நான் ஒதுக்கியது பெயருக்கு ஒதுக்கியதல்ல. சில ஆண்டுகளுக்கு முன் நான் லேயிலிருந்து திரும்ப வேண்டிய விமானம் வானிலை காரணமாக ரத்தானது. அந்தக் கட்டணம் முழுமையாகத் திரும்பக் கிடைத்தது. ஆனால் தில்லியிலிருந்து ஊர் திரும்பும் பயணச்சீட்டைத் தனியாக எடுத்திருந்ததால், நான் வராத குற்றத்துக்கு அந்தப் பணம் முழுவதும் போயிற்று. புதிய சீட்டு, இரண்டு இரவு விடுதி என்று கணக்கு நீண்டது. ஆகவே திரும்பும் பயணத்தை ஒரே முன்பதிவு எண்ணில் எடுங்கள்; முடியாவிட்டால் தில்லியில் ஒரு முழு நாள் இடைவெளி விடுங்கள்.

இனி நீங்கள் கேட்ட மூன்று வழிகள். தனிநபர் கடனாக 2 லட்சம் ரூபாயை 14 விழுக்காடு வட்டிக்கு இரண்டு ஆண்டுகளில் திருப்பிச் செலுத்துவதாக வைத்துக்கொண்டால், மாதத் தவணை ஏறத்தாழ 9,600 ரூபாய். வட்டி மட்டும் 30,000 ரூபாயைத் தாண்டும். 2 விழுக்காடு பரிசீலனைக் கட்டணமும் அதன் மீதான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து இன்னும் 4,720 ரூபாய். லேயில் உங்கள் இருவரின் உடலும் மலைக்குப் பழகுவதற்கான அந்த இரண்டு நாட்களை நீக்கினால் மிச்சமாவது மொத்தம் 18,000 ரூபாய்தான். வங்கிக்கு வட்டியாக அதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் கொடுக்கத் துணிந்துவிட்டு, உயிரைக் காக்கும் நாட்களில் சிக்கனம் பார்ப்பது எந்தக் கணக்கிலும் சேராது. நகைக் கடனுக்கு வட்டி குறைவு என்பது உண்மைதான். ஆனால் ஓராண்டு முடிவில் அசலையும் வட்டியையும் ஒருசேரக் கட்ட முடியாதவர்கள் மறு அடகு வைத்து மறு அடகு வைத்தே நகையை இழப்பதை என் தொழிலில் பலமுறை கண்டிருக்கிறேன். ஓய்வுக்கு நான்கு ஆண்டே இருக்கும் குடும்பத்தில் அதைத் தொட வேண்டாம்.

வைப்புநிதியின் நிலை வேறு. அந்த 4 லட்சத்தில் 1,80,000 ரூபாய் மகனுடையது. மீதம் 2,20,000 ரூபாய் உங்கள் வீட்டுச் செலவில் நான்கு மாதத்துக்குக்கூட முழுமையாகப் போதாது. அதுதான் இந்தக் குடும்பத்தின் ஒரே அவசரகால நிதி. முன்கூட்டியே முறித்தால் வங்கி குறைக்கும் அரை அல்லது ஒரு விழுக்காடு வட்டி பெரிய இழப்பல்ல. வெறுங்கையோடு மலைக்குப் போவதுதான் இழப்பு.

அடுத்த ஆண்டு ஜூலையைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஜூலையோடு மகனின் கட்டணச் சுமை முடிகிறது. மாதம் மிஞ்சும் 22,000 ரூபாயில் 15,000 ரூபாயை இந்த மாதமே தொடர் வைப்புக் கணக்கில் போடத் தொடங்குங்கள். 13 மாதத்தில் 1,95,000 ரூபாய் சேரும், 6.5 விழுக்காடு வட்டி கிடைத்தால் ஏழாயிரத்துச் சொச்சம் கூடும். சேமிப்புக் கணக்கின் 60,000 ரூபாயைச் சேர்த்தால் 2,62,000 ரூபாய். வைப்புநிதியைத் தொடாமலேயே பயணச் செலவு தீர்ந்துவிடும். இந்தப் பணத்தைப் பங்குச் சார்ந்த பரஸ்பர நிதியில் போட வேண்டாம். 13 மாதத்தில் தேவைப்படும் பணத்துக்கு அது இடமல்ல.

இனி அந்த இரண்டு நாட்களுக்கு வருகிறேன். லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் போகிறவர் ஒரே காலையில் அந்த உயரத்துக்குத் தூக்கிச் செல்லப்படுகிறார். முதல் நாள் நான் தங்கிய விருந்தினர் இல்லத்தில் மாடிக்குப் பதினாலு படிகள். ஊரில் இரண்டிரண்டாகத் தாண்டுகிறவன், அங்கே ஏழாவது படியில் சுவரில் கை ஊன்றி நின்றேன். காதுக்குள் இதயம் அடித்தது. மூன்றாம் நாள் காலையில் அதே படிகளை நிற்காமல் ஏறினேன். வந்து இறங்கியதும் குறைந்தது 48 மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்று லடாக்கில் பயணிகளுக்கு அறிவுறுத்துவது இதற்காகத்தான். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும் என்பதும் மலை மருத்துவம் வகுத்த நெறிகள். உயரம் பிடிக்காமல் நுரையீரலில் நீர் கோத்துவிட்டால், சாலைக்கு வெகு தொலைவில் அதற்கான முதல் வைத்தியம் கீழே இறங்குவதுதான். அந்த இறக்கத்துக்கு ஆகும் செலவு 18,000 ரூபாயில் நிற்காது. அந்த நாட்களை நீக்கி விலை குறைக்க முன்வரும் நிறுவனத்திடம், வழிகாட்டி ஆக்சிஜன் உருளையும், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரும் எடுத்து வருவாரா, நோயுற்றவரை இறக்கிவரும் செலவு யாருடையது என்பதை எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாக மட்டும் பதில் வந்தால் வேறு நிறுவனத்தைத் தேடுங்கள்.

பேரம் பேச வேண்டிய இடம் வேறு ஒன்று இருக்கிறது. இமாசலப் பிரதேசத்தின் தார்ச்சாவிலிருந்து ஷிங்கு லா கணவாயைத் தாண்டிச் சான்ஸ்கரின் முக்கிய ஊரான பதும் வரை முன்பு ஒரு வாரத்துக்கு மேல் நடப்பார்கள். நிம்மு – பதும் – தார்ச்சா சாலை 2024 மார்ச்சில் இணைக்கப்பட்ட பின் அந்தத் தடத்தில் வண்டியே போகிறது. இன்று புர்னே கிராமத்தின் அருகிலிருந்து புக்தலுக்குச் சில மணி நேர நடைதான். ஆகவே 11 நாட்களில் உண்மையில் நடப்பது எத்தனை நாள், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, அதில் எவ்வளவு புதிய சாலையோரமாகவே போகிறது என்று நாள்வாரியாகக் கேளுங்கள். சாலை வந்துவிட்ட தடத்துக்குப் பழைய கணக்கில் குதிரைக்கும் கூடாரத்துக்கும் வாங்கினால் அங்கே விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். கூடாரத்துக்குப் பதில் கிராமத்து வீடுகளில் தங்கலாமா என்றும் கேளுங்கள். அந்தப் பணம் அந்த வீட்டாருக்கே போய்ச் சேரும். மணாலி வழியாக இரண்டே நாளில் கொண்டுபோய் விடுகிறோம் என்று யாராவது மலிவாகச் சொன்னால் ஏற்க வேண்டாம். ஏறத்தாழ 2,000 மீட்டரில் இருக்கும் மணாலியிலிருந்து 5,000 மீட்டரைத் தாண்டும் கணவாய்க்கு அவ்வளவு விரைவில் ஏறுவது உங்கள் வயதுக்கு ஆகாது.

காணிக்கைக்குத் தனியாக ஒதுக்கியதை மிகையென்று நினைக்காதீர்கள். திபெத்திய மொழிக்கு அகராதி தந்த ஹங்கேரிய அறிஞர் சோமா தெ கொரோஷ் 1825-26இல் தங்கிப் படித்த இடம் புக்தல். அவர் நினைவாக ஒரு கல்வெட்டு அங்கே இருக்கிறது. நிலச்சரிவால் ஆற்றில் தேங்கிய நீர் 2015 மே மாதம் உடைத்துக்கொண்டு வந்தபோது, அந்த மடாலயத்தின் பள்ளியும் பள்ளத்தாக்கின் பாலங்களும் அடித்துச் செல்லப்பட்டன. அத்தகைய இடத்தில் ஒரு கிண்ணம் வெண்ணெய்த் தேநீரை வாங்கிக் குடித்துவிட்டு எழும்போது, உண்டியலில் போடக் கையில் பணம் இருக்க வேண்டும். பதும் ஊரைத் தாண்டினால் ஏடிஎம்மை நம்ப முடியாது. வெளிமாநில பிரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் இருந்தாலும் பள்ளத்தாக்கில் சிக்னலை எதிர்பார்க்க வேண்டாம். ஆகவே யு.பி.ஐ.யை நம்பாமல் நூறு, இருநூறு ரூபாய்த் தாள்களாகக் கொண்டு போங்கள்.

காப்பீட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வழக்கமான மருத்துவக் காப்பீட்டில் சாகச விளையாட்டு விலக்கு என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்துவிட்டு, மலை நடையில் நோயுற்றால் பணம் கிடைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொதுவான வாசகம், அதைத் தொழிலாகச் செய்கிறவர்களுக்கே அந்த விலக்கைப் பொருத்துகிறது. சுற்றுலாவாக நடக்கும் உங்களை அது கட்டுப்படுத்தக் கூடாது. ஆனால் விபத்துக் காப்பீட்டுக்கும் பயணக் காப்பீட்டுக்கும் தனித்தனி விதிகள் உண்டு. இத்தனை மீட்டருக்கு மேல் பொருந்தாது என்ற வரம்பும் இருக்கலாம். உங்கள் தடத்தின் மிக உயர்ந்த இடத்தைக் குறிப்பிட்டு, மலையிலிருந்து இறக்கிவரும் செலவு அடங்குமா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தத்தை எந்தப் படிவத்திலும் மறைக்காதீர்கள்.

இதனோடு சேர்த்து, குழுக் காப்பீடு நீங்கள் வேலையை விடும் நாளில் நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். இப்போதே சொந்தமாக ஒரு குடும்பக் காப்பீடு எடுத்தால் ஓய்வுபெறும் முன்பே அந்தக் காலம் கடந்துவிடும். தொடர் வைப்பு போக மாதம் மிஞ்சும் 7,000 ரூபாயை இதற்கு ஒதுக்குங்கள். பயணம் தள்ளிப்போனாலும் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

விடுப்புப் பயணப் படியை (எல்.டி.ஏ.) நீங்கள் குறிப்பிடவில்லை. சம்பளத்தில் அது இருந்து, பழைய வருமான வரி முறையில் நீங்கள் இருந்தால், நான்காண்டுத் தொகுப்பில் இரண்டு உள்நாட்டுப் பயணங்களுக்கு வரிவிலக்குப் பெறலாம். அது போக்குவரத்துக் கட்டணத்துக்கு மட்டுமே. வழிகாட்டிக்கும் தங்குமிடத்துக்கும் கிடையாது. புதிய முறையில் அந்த விலக்கே இல்லை.

முன்பணம் கட்டுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். போகவிருக்கும் உயரத்தையும் சாப்பிடும் மாத்திரையையும் சொல்லி, அவர் சொல்லும் பரிசோதனைகளை முடியுங்கள். ரத்து செய்தால் எந்தத் தேதி வரை எவ்வளவு திரும்பும், அடுத்த பருவத்துக்கு மாற்ற அனுமதி உண்டா என்பதை நிறுவனத்திடம் எழுதி வாங்கிய பின் பணம் அனுப்புங்கள். சான்ஸ்கர் வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால், லேக்கு மேற்கே லிகிரிலிருந்து யாங்தாங், ஹெமிஸ் ஷுக்பச்சன் வழியாகத் தெமிஸ்காம் வரை மூன்று நான்கு நாள் நடை ஒன்று இருக்கிறது. அதன் கணவாய்கள் 4,000 மீட்டருக்குக் கீழேயே இருக்கின்றன. லிகிர் மடாலயத்தில் தொடங்கி, விரும்பினால் ரிட்ஸோங் மடாலயத்துக்கும் போய்வரலாம். லேயில் இரண்டு நாள் ஓய்வு அதற்கும் வேண்டும். செலவு குறையும் என்பதால் தொடர் வைப்பை மாற்ற வேண்டியதில்லை. மிஞ்சுவதை அவசரகால நிதியில் சேர்த்துவிடுங்கள்.