யார் சொல்லிக்கொடுத்தது?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். காரைக்குடிக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எங்கள் தெருவில் ஒரு சிறு பெண்குழந்தை, உறவினர் ஒருவர் தன்னிடம் தவறாக நடந்துகொண்டதாகச் சொன்னதன் பேரில், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்கீழ் வழக்கு நடந்துவருகிறது. அவரை எனக்கு முப்பது ஆண்டுகளாகத் தெரியும். கோயில் திருப்பணிக்கு அள்ளிக் கொடுத்தவர். குழந்தையோ காவல் நிலையத்தில் ஒரு விதமாகவும், மாஜிஸ்திரேட்டிடம் வேறு விதமாகவும், நீதிமன்றத்தில் இன்னொரு விதமாகவும் சொல்லியிருக்கிறாள். தேதி கேட்டால் தெரியவில்லை. இரு குடும்பங்களுக்கும் வீட்டுப் பங்கில் தகராறு உண்டு. இந்தக் காலத்துக் குழந்தைகள் கைப்பேசியில் எதையெல்லாமோ பார்க்கின்றன. ஒருநாள் நானே அவளைக் கூப்பிட்டு, முறுக்குக் கொடுத்து, “யாராவது சொல்லிக்கொடுத்தார்களா பாப்பா?” என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். நேரில் கண்ட சாட்சி இல்லாதபோது, ஒரு குழந்தையின் சொல்லை மட்டும் நம்பி ஒருவரைச் சிறைக்கு அனுப்புவது நியாயமா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தில் அந்தக் குழந்தையின் பெயரும், வயதும், படிக்கும் பள்ளியும், தெருவும் இருந்தன. அனைத்தையும் நீக்கிவிட்டேன். பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி குற்றம். நாற்பது ஆண்டுகள் பிறருடைய கடிதங்களைப் பிரிக்காமல் கொண்டுசேர்த்த ஒரு துறையில் இருந்தவருக்கு இதை நான் சொல்ல நேர்ந்தது வருத்தமாக இருக்கிறது.

திருப்பணிக்குக் கொடுத்த பணத்துக்குக் கோயில் சுவரில் பெயர் வெட்டியிருப்பார்கள். இந்த வழக்கில் அதற்கு வேலையில்லை. கைப்பேசியைப் பற்றிச் சொல்வதற்கும் ஒன்றுமில்லை. நான் கீழே எழுதப்போவது நடந்தபோது எங்கள் ஊரில் தொலைபேசி இருந்த வீடுகளையே விரல்விட்டு எண்ணிவிடலாம். பங்குத் தகராறு கவனிக்க வேண்டிய செய்திதான், ஆனால் அதை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் விடாமல் எடுத்துவைப்பார், நீதிபதி சீர்தூக்குவார்.

நீங்கள் கேட்ட கேள்விக்குச் சட்டம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 118ஆம் பிரிவாக இருந்து, இன்று பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 124ஆம் பிரிவாக இருக்கும் விதி, சாட்சி சொல்பவருக்குக் குறைந்தபட்ச வயது எதையும் வைக்கவில்லை. கேள்வியைப் புரிந்துகொண்டு அறிவுக்குப் பொருந்தும்படி பதில் சொல்ல முடிகிறதா என்பது மட்டுமே அளவுகோல். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சத்தியப் பிரமாணத்தின் பொருள் விளங்கவில்லை என்றாலும், உண்மை சொல்ல வேண்டும் என்பது விளங்கினால் போதும் என்கிறது 1969ஆம் ஆண்டுச் சட்டம். இராஜஸ்தானில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி தொடர்பான இராமேஷ்வர் வழக்கில், 1951 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம், வேறு சாட்சியம் துணைக்கு வேண்டும் என்பது நீதிபதி மனத்தில் கொள்ள வேண்டிய எச்சரிக்கையே தவிர மீற முடியாத சட்டமல்ல என்று கூறியது. அச்சிறுமி தன் தாயிடம் சொன்ன சொல்லையே துணைச் சாட்சியமாகவும் ஏற்றது. ஆகவே, நம்பத்தக்கதாக இருந்தால், ஒரு குழந்தையின் சொல் மட்டுமே போதும். அது எப்போது நம்பத்தக்கது என்பதில்தான் உங்களோடு எனக்கு வழக்கு.

மூன்று இடங்களில் மூன்று விதமாகச் சொன்னாள் என்கிறீர்கள். எவை மாறின என்று நீங்கள் எழுதவில்லை. அவர் யார் என்பது மாறியதா? செய்தது மாறியதா? அல்லது எந்த அறை, எந்தச் சட்டை, எது முன்னால் எது பின்னால் என்பவை மாறினவா? இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் ‘முரண்’ என்ற ஒரே சொல்லால் அனைத்தையும் மூடிவிடுவது நீதிமன்றத்துக்கு வெளியில் இருக்கும் நமக்கு எளிதாக இருக்கிறது.

1974ஆம் ஆண்டு மார்கழியில் எனக்கு ஒன்பது வயது, என் சித்தப்பா மகளுக்கு ஆறு. கார்த்திகைத் தீபத்திலிருந்து இருபத்தொரு நாள் கழித்து வரும் பிள்ளையார் நோன்புக்காகப் பங்காளிகள் எல்லாரும் எங்கள் பெரிய வீட்டில் கூடியிருந்தார்கள். நாளுக்கு ஒன்றாகப் புது வேட்டியிலிருந்து உருவிய இருபத்தொரு நூலைத் திரித்து, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வதை ‘இழை எடுத்துக்கொள்வது’ என்போம். இழை எடுத்த மறுநாள் காலையில் மச்சுப்படிக்குக் கீழே என்னை இழுத்துக்கொண்டுபோய் அவள் சொன்னாள்: “அண்ணே, கணக்கு எழுதுறாகள்ல, அவுக விரல்ல பொடி நாத்தம். எனக்குத் தும்மல் வந்துருச்சு. தும்மவும் விட்டுட்டாக.” அதற்கு முன்பும் பின்பும் நடந்தவற்றையும் அவளுக்குத் தெரிந்த சொற்களில் சொன்னாள், அவற்றை இங்கே எழுத மாட்டேன். இடது முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

அன்று பகலிலேயே அப்பத்தாவிடமும் சொன்னாள். என்னிடம் “நெல்லு வைக்கிற அறையில” என்றவள், அப்பத்தாவிடம் “ரெண்டாங்கட்டுல” என்றாள். என்னிடம் கடைசியில் சொன்ன தும்மலை அங்கே முதலில் சொன்னாள். எந்த வழக்கறிஞரும் இதை முரண் என்று குறித்துக்கொள்வார். ஆனால் எங்கள் வீட்டில் நெல் வைக்கும் அறை, வீட்டின் இரண்டாம் பகுதியான இரண்டாங்கட்டில்தான் இருந்தது. என்றைக்கு என்று கேட்டிருந்தால் “இழை எடுத்த அன்னைக்கு” என்றுதான் சொல்லியிருப்பாள். ஆங்கிலத் தேதி அவளுக்கு மட்டுமல்ல, அப்பத்தாவுக்கே தெரியாது.

அதன் பிறகு நடந்ததுதான் ஐம்பது ஆண்டுகளாக என்னோடு இருக்கிறது. அப்பத்தா அவளை, வளவு என்று நாங்கள் சொல்லும் முற்றத்துத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்த்தி, தலையில் எண்ணெய் வைத்துச் சிடுக்கெடுத்துக்கொண்டே கேட்டார்: “கை எப்படிடி உரிஞ்சுச்சுன்னு கேட்டா என்ன சொல்லணும்?” அவள் பேசவில்லை. “வளவுப் படியில வழுக்கி விழுந்துட்டேன். சொல்லு.” சொன்னாள். இன்னொரு முறை. மூன்றாவது முறையும், வாய்ப்பாடு ஒப்புவிக்கச் சொல்வதைப் போல. பிறகு தூணுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த என்னைப் பார்த்தார். “நீயும் பார்த்தேல்ல?” நான் “ஆமா அப்பத்தா” என்றேன்.

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து சித்தப்பா வந்தார். மகளின் முழங்கையில் ஆறிக்கொண்டிருந்த பொருக்கைப் பார்த்துக் கேட்டார். “வளவுப் படியில வழுக்கி விழுந்துட்டேன் அப்பச்சி.” ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. அவர் என்னிடம் திரும்பினார். நான் சொன்னேன்: “ஆமா சித்தப்பா, படியில தண்ணி கெடந்துச்சு.” தண்ணீரை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பெரியவர்கள் கட்டிய பொய் நின்றுவிட வேண்டும் என்பதற்காக நானே ஒரு முட்டுக் கொடுத்தேன். அந்த மனிதர் மேலும் இரண்டு ஆண்டுகள் எங்கள் வீட்டில் கணக்கு எழுதினார். அவள் கிணற்றடிக்குப் போக வேண்டுமென்றால் இரண்டாங்கட்டு வழியாகப் போகாமல், முகப்பில் இறங்கித் தெருவைச் சுற்றிப் போவாள். பிடிவாதக்காரி என்று பேர் எடுத்தாள்.

கே., குழந்தைகள் பொய் சொல்லுமா என்று என்னிடம் கேட்டால், சொல்லும் என்பேன். நானே சொன்னேன். ஆனால் அந்தப் பொய் யாருக்காகச் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். ‘சொல்லிக்கொடுக்கப்பட்ட சாட்சி’ என்றதுமே, ஒரு தாயோ தகப்பனோ குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இல்லாத குற்றத்தை ஓதுவதாக நம் மனத்தில் ஒரு காட்சி எழுகிறது. அப்படி நடப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கு 1983இல் தொடங்கி, ஒருவர்கூடக் குற்றவாளி என்று தீர்க்கப்படாமல் 1990இல் முடிந்தது. அங்கே குழந்தைகளை விசாரித்தவர்கள், மற்றப் பிள்ளைகள் எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நீயும் சொல் என்ற தோரணையில் கேட்டுக் கேட்டே பதில்களை வரவழைத்திருந்தார்கள். பல ஆண்டுகள் சிறையிலிருந்த ஒருவர் மீது எதையும் மெய்ப்பிக்க முடியவில்லை. விடை உள்ளே வைக்கப்பட்ட கேள்வி ஒரு குற்றமற்றவரின் வாழ்க்கையையும் அழிக்கும் என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

ஆனால் நம் ஊரில், நம் வீடுகளில், ஒரு குழந்தைக்கு அன்றாடம் சொல்லிக்கொடுக்கப்படும் பாடம் எது? வெளியே சொல்லாதே என்பதுதானே? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் ஆண்டுதோறும், குழந்தைகள் மீதான வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவராகவே இருக்கிறார். தெரிந்தவர் என்றால் பந்தியில் நம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுபவர். அவரைக் காப்பாற்றச் சொல்லிக்கொடுக்க ஒரு வளவே திரண்டு நிற்கும். குழந்தையின் பக்கம் நிற்க ஒரு தாய் மிஞ்சினால் பெரிது. குழந்தை நீதிமன்றத்தில் தடுமாறினால், அது பொய்யை மறந்துவிட்டதால் வந்த தடுமாற்றமா, உண்மையை மறக்கச் சொல்லி இரண்டு ஆண்டுகளாக வீட்டில் நடந்த பாடத்தால் வந்த தடுமாற்றமா என்று நீங்கள் ஏன் ஒருமுறைகூட எண்ணிப் பார்க்கவில்லை?

என் தங்கை மாற்றி மாற்றிச் சொன்னது உண்மை. மாறாமல் சொன்னது பொய். இதை ஒரு விதியாக்கிவிடக் கூடாது. பத்துப் பேர் பத்துமுறை கேட்டால் உண்மையும் ஒப்புவித்தலைப் போல இறுகிவிடும். ஆகவேதான் நீதிபதி, அவள் யாரும் கேட்காமல் முதன்முதலில் யாரிடம் சொன்னாள், எந்தச் சொற்களில் சொன்னாள், பிறகு எத்தனை பேர் எப்படியெல்லாம் கேட்டார்கள் என்று பின்னோக்கி நடந்துபார்க்க வேண்டியிருக்கிறது. பொடி நாற்றமும் தும்மலும் பெரியவர்கள் புனையும் கதையில் வருவதில்லை. அப்படி ஒன்று அந்தக் குழந்தையின் வாக்குமூலத்தில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம். இருந்தால் அதற்கு எடை உண்டு.

காவல் நிலையத்தில் சொன்னாள் என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டப்படி அவளை அங்கே அழைத்துப் போயிருக்கவே கூடாது. அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, இயன்றவரை ஒரு பெண் உதவி ஆய்வாளர், சீருடை அணியாமல் வந்து பதிவு செய்ய வேண்டும் என்கிறது 24ஆம் பிரிவு. நீதிமன்றத்தில் வழக்கறிஞர் நேரடியாகக் கேட்காமல், கேள்விகளை நீதிபதியிடம் கொடுத்து அவர் வழியாகவே கேட்க வேண்டும். சாட்சியம் சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் அவள் கண்ணில் படக் கூடாது. நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்டதிலிருந்து முப்பது நாளில் அவள் சாட்சியம் முடிந்திருக்க வேண்டும். இவற்றில் எத்தனை நடந்தன என்று விசாரித்தீர்களா? அவள் சொன்னது மாறியதை மட்டும் எண்ணி வைத்திருக்கிறீர்கள்.

சொல்லே இல்லாமல் போனால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. 1986இல் இராஜஸ்தானில் பாதிக்கப்பட்ட ஒரு சிறுமி, சாட்சிக் கூண்டில் நின்றபோது, நடந்ததைக் கேட்டதற்கு வாய் திறக்கவில்லை. மேலும் கேட்டதற்குக் கண்ணீர் மட்டும் வடித்தாள் என்று விசாரணை நீதிபதி பதிவு செய்தார். பிற சாட்சியங்களையும் மருத்துவச் சான்றையும் கொண்டு குற்றம் சாட்டப்பட்டவனுக்கு 1987இல் தண்டனை வழங்கப்பட்டது. 2013இல் உயர் நீதிமன்றம் அவனை விடுவித்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீட்டெடுத்து, அந்தக் குழந்தையின் மௌனத்தைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள முடியாது, வளர்ந்த ஒருவர் பேசாமலிருப்பதோடு அதை ஒப்பிடக் கூடாது என்று கூறியது. இடையில் முப்பத்தொன்பது ஆண்டுகள் போய்விட்டன.

என் தங்கை இப்போது பேரன் பேத்தி எடுத்தவள். இந்தப் பதிலை அவளிடம் கொடுத்து, அவள் படித்துச் சம்மதித்த பிறகே வெளியிடுகிறேன். அவள் ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்: “ஒரு தும்மல் இல்லண்ணே, மூணு.”

நீங்கள் தெருவில் நடத்திய விசாரணையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு கையில் முறுக்கையும் வாயில் விடையையும் வைத்துக்கொண்டு, தாத்தா வயதுள்ள ஒருவர் கேட்டால் அந்த வயதுக் குழந்தை தலையை ஆட்டத்தான் செய்யும். ஆமாம் என்று ஆட்டினாளா, இல்லை என்று ஆட்டினாளா என்பதைக்கூட நீங்கள் எழுதவில்லை. நீங்கள் கேட்டது என் அப்பத்தா கேட்ட அதே கேள்வி. நல்ல மனத்தோடுதான் கேட்டிருப்பீர்கள், அப்பத்தாவும் நல்ல மனத்தோடுதான் கேட்டார். இனி அவள் உங்கள் திண்ணைக்கு விளையாட வந்தால் விளையாடட்டும். பசித்தால் முறுக்குக் கொடுங்கள். அதைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள். அவளாக ஏதாவது சொன்னால், குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு, அதே சொற்களில் அவள் தாயிடம் போய்ச் சொல்லுங்கள்.