அமெரிக்காவில் ரிட்டயர் ஆனவர்கள் வண்டியோடு போய் வீடு கட்டித் தருகிறார்களாமே, எப்படி?

நிஜம்தான். வசதி குறைந்த குடும்பங்களுக்கு வீடு கட்ட உதவும், 1976-ல் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கிய 'ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி' தொண்டு அமைப்பில் 'ஆர்.வி. கேர்-எ-வேனர்ஸ்' என்றொரு திட்டம் இருக்கிறது. படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள ஆர்.வி. வண்டியில் ஊர் சுற்றுபவர்களுக்கானது. ஓய்வுபெற்ற தம்பதிகள் நிறைய. ஓர் ஊரில் பெரும்பாலும் இரண்டு வாரம் வேலை. வண்டி நிறுத்த இடம், தண்ணீர், கரண்டுக்கு உள்ளூர்க் கிளை ஏற்பாடு செய்யும். எரிபொருள் செலவு அவரவர் பாடு.

கட்டட அனுபவம் தேவையில்லை. அங்கே வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் எழும்புகின்றன. சட்டங்களைத் தரையில் கிடத்தி ஆணியடித்து, நாலைந்து பேர் சேர்ந்து சுவராக நிமிர்த்துவார்கள். நம்மூர்ச் சித்தாள் போலக் கல்லும் மண்ணும் சுமக்கும் வேலையென்றால் அறுபது வயதில் செய்ய முடியுமா!

வீடு இலவசமில்லை. வாங்கும் குடும்பமும் கட்டுமானத்தில் உழைக்க வேண்டும். பிறகு மாதத் தவணையும் கட்ட வேண்டும்.