சக்சஷன் எண்டா உண்மையில என்ன? பயோ பாடத்துல வாறதும் காணிப் போர்ம்ல வாறதும் ஒண்டுதானா?

தங்கச்சி, நீங்க கேட்டது இதுதான்: ஏஎல் பயோ படிக்கக்குள்ள சக்சஷன் எண்டு ஒரு பாடம் வருது, ஹிஸ்டரியில சண்டைக்குப் பேராவே அந்தச் சொல் வருது, இப்ப அம்மம்மாட பெர்மிட் வயலுக்கு, அரசாங்கம் அனுமதிப் பத்திரத்துல குடுத்த வயலுக்கு, டிஎஸ் ஒஃபிஸ்ல, அதாவது பிரதேச செயலகத்துல, தந்த இங்கிலிஷ் போர்ம்லயும் அதே சொல் கிடக்கு, மூண்டும் ஒண்டா வேற வேறயா எண்டு. அடியில ஒண்டுதான். ஒண்டு விட்டுட்டுப் போன இடத்துக்கு அடுத்தது வந்து நிக்கிறது, அதுக்குத்தான் சக்சஷன். ஆனா அடுத்தது ஆர், அந்த வரிசைய ஆர் போட்டது எண்டு கேட்டாத்தான் இது முழுசா விளங்கும். நான் திருகோணமலையில ஒரு நொத்தாரிசிட்ட கனகாலம் உறுதி, அதாவது காணிப் பத்திரம், டைப் பண்ணின ஆள், இந்தச் சொல்ல நான் பழகினது காணிப் பக்கத்தாலதான், அதால என்ர பதிலும் அந்தப் பக்கம்தான் கூடப் போகும்.

லேசானத முதல்ல முடிச்சிடுவம். பேச்சு இங்கிலிஷ்ல இன் சக்சஷன் எண்டா அடுத்தடுத்து, இன் குயிக் சக்சஷன் எண்டா இடைவெளியே இல்லாம அடுத்தடுத்து. எங்கட கோட்டையே இதுக்கு நல்ல உதாரணம், கோணேசர் கோயிலுக்கு ஏறிப் போகக்குள்ள மான் நிக்குமே அந்தக் கோட்டைதான், 1782 ஜனவரியில டச்சுக்காரரிட்ட இருந்து பிரிட்டிஷ்காரர் பிடிச்சாங்க, அதே வருஷம் ஓகஸ்ட் முடியக்குள்ள சஃப்ரன் எண்ட ஃபிரெஞ்ச் தளபதி வந்து பிரிட்டிஷ்காரரிட்ட இருந்து பறிச்சார், பிறகு சமாதானம் பேசித் திரும்ப டச்சுக்காரருக்கே குடுத்து, 1795ல மறுபடியும் பிரிட்டிஷ்காரர் கைக்குப் போச்சு. இங்க வரிசை மட்டும்தான் இருக்கு, உரிமை எண்டு ஒண்டுமில்ல, பலம் இருந்தவன் வந்தான்.

எழுதக்குள்ள கவனிக்க வேண்டியது, சக்சஷனுக்குப் பின்னால ஒஃப் வந்தா பெரும்பாலும் வெறும் வரிசை, டு வந்தா ஒரு பதவிக்கோ சிம்மாசனத்துக்கோ சொத்துக்கோ வாறது. ஆளைச் சொன்னா சக்சசர், அடுத்தடுத்து எண்டு அடைமொழியா வந்தா சக்சசிவ், இதை சக்சஸ்ஃபுல்லோட மாத்தி எழுதுறவங்க கனபேர். இன்னொண்டு செசெஷன், அது ஒரு நாட்டில இருந்து பிரிஞ்சு போறது, பேப்பர்ல அரசியல் செய்தி வாசிக்கக்குள்ள இந்த ரெண்டையும் குழப்பினீங்கண்டா அர்த்தமே தலைகீழாப் போயிடும்.

இனி சிம்மாசனம். ஹிஸ்டரியில நீங்க பாத்தது ஸ்பானிஷ் சக்சஷன் சண்டையும் ஒஸ்ட்ரியன் சக்சஷன் சண்டையுமாத்தான் இருக்கும். ஸ்பெயின் ராசா ரெண்டாம் சார்ள்ஸ் 1700ல பிள்ளை இல்லாமச் செத்ததால வந்தது முதலாவது, 1701ல இருந்து 1714 வரைக்கும் அடிபட்டாங்க. ரெண்டாவதுதான் எனக்கு மனசில நிக்கிறது. ஆறாம் சார்ள்ஸ் எண்ட சக்கரவர்த்திக்கு உரிமையாள வர ஆம்பிளப் பிள்ளை இல்ல, மகள் மரியா தெரேசாதான், தான் செத்தா மகளுக்கு எல்லாம் போகவேணும் எண்டு 1713லயே சட்டம் எழுதி வச்சு, மற்ற நாடுகளிட்டயும் கனகாலமாக் கெஞ்சிக் கேட்டு ஒப்பம் வாங்கி வச்சவர், 1740 ஒக்டோபர்ல அவர் கண்ண மூடினார், டிசம்பர்லயே பிரஷ்யா ராசா படையோட உள்ளுக்க வந்திட்டார், சண்டை 1748 வரைக்கும் போச்சு. தகப்பன் எழுதி வச்சும் மகளுக்கு எண்ட உடன அந்த எழுத்து செல்லாத மாதிரி நடந்தாங்க.

ஆறாம் சார்ள்ஸ் சாக முதல் வருஷம் 1739ல எங்கட கண்டியில என்ன நடந்தது தெரியுமா, நரேந்திரசிங்க ராசா செத்தார், அவருக்கு உனம்புவே எண்டு ஒரு மகன் இருந்தவர், ஆனா தாய் ராச குலமில்ல, வரிசைப்படி தாயும் ராச குலமா இருக்கவேணும், அதால மகனை விட்டுட்டு ராணிட தம்பியக் கொண்டு வந்து வச்சாங்க. ராணி மதுரைப் பக்கத்து நாயக்கர் வம்சம். அப்பிடி மச்சான் முறையில வந்தவர்தான் ஸ்ரீ விஜய ராஜசிங்கன், அவரோட தொடங்கி 1815 வரைக்கும் கண்டிய ஆண்ட நாலு பேரும் நாயக்கர்தான். பெத்த மகன் உயிரோட இருக்கவே இடம் மச்சானுக்குப் போகுது, அதுவும் வழக்கப்படி. வாரிசு எண்ட உடன நாங்க மகன் எண்டு நினைக்கிறம், சக்சஷன் எண்டது அந்த மகன் இல்ல, ஆர் வரலாம் எண்டு சொல்லுற வழக்கம்.

நாட்டுத் தலைவர் பதவிக்கும் இதே சொல்லுதான். எங்கட நாட்டில ஜனாதிபதி பதவிக் காலம் முடிய முதல் இடம் வெறுமையானது ரெண்டு தரம், 1993ல பிரேமதாச கொல்லப்பட்டபோதும், 2022ல கோட்டாபய விலகினபோதும், ரெண்டு தரமும் பிரதமர் பதிலுக்கு நிண்டு பிறகு பாராளுமன்றம் கூடித் தெரிஞ்சது. முதல்லயே எழுதி வச்ச ஒழுங்கு இருந்ததாலதான் அந்த இடம் கனநாள் வெறுமையாக் கிடக்கேல்ல.

இப்ப அம்மம்மாட போர்முக்கு வருவம், இதுதான் முக்கியம். அது 1935ஆம் ஆண்டு 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திச் சட்டத்துக்குக் கீழ குடுத்த பெர்மிட் காணி. அல்லை, கந்தளாய் பக்கம் குடியேற்றத் திட்டத்துல குடுத்த வயலும் மேட்டுக் காணியும் கனக்க இந்தச் சட்டத்துக்குள்ளதான், பிரிட்டிஷ்காரர் காலத்துல டி.எஸ். சேனநாயக்க விவசாயக் காணி மந்திரியா இருக்கக்குள்ள வந்தது. இந்தக் காணிய உறுதிக் காணி மாதிரி நினைச்ச உடன விக்கவோ பிள்ளைகளுக்குத் துண்டு துண்டாப் பிரிச்சுக் குடுக்கவோ ஏலாது, பொதுவா ஒருத்தரைப் பின்னுரித்தாளரா, அதாவது தனக்குப் பிறகு காணி போய்ச் சேருற ஆளா, எழுதவேணும். புருஷன் பேர்ல பெர்மிட் இருந்து அவர் செத்தா மனிசி தன்ட காலம் வரைக்கும் இருந்து செய்யலாம், அதுக்குப் பிறகு பேர் எழுதின ஆளுக்குப் போகும்.

பேர் எழுதாமச் செத்தா? அங்கதான் சட்டத்துட கடைசியில இருக்கிற மூண்டாம் அட்டவணை வரும். பழைய அட்டவணை எப்பிடியெண்டா முதல்ல மகன்மார், பிறகுதான் மகள்மார், பிறகு பேரன்மார், பேத்திமார், தகப்பன், தாய், சகோதரன், சகோதரி எண்டு ஒவ்வொரு படியிலயும் ஆம்பிளைக்கு அடுத்துத்தான் பொம்பிளை, ஒரே படியில கனபேர் இருந்தா மூத்தவருக்கு. தாயோடயே இருந்து வயல் பாத்து, நோய்க்கும் பாத்து, செத்த வீடும் செய்து முடிச்ச மகள் இருப்பா, வெளிநாட்டில இருக்கிற தம்பிட பேர்தான் அட்டவணையில முதல் வரும். இப்பிடி வந்து எங்கட மேசைக்கு முன்னால இருந்து அழுதவங்கள நான் பாத்திருக்கிறன், பெர்மிட்டைக் கையில வச்சுக்கொண்டு தங்கட பேர் எங்க எண்டு கேப்பாங்க, எனக்கு அட்டவணைய வாசிச்சுக் காட்டத்தான் ஏலும். இங்கிலாந்துல ராச குடும்பத்துக்கே தம்பி அக்காவ முந்துற வழக்கத்த 2013ல சட்டம் போட்டு எடுத்தாங்க, 2011 ஒக்டோபர் 28க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு ஆம்பிளை பொம்பிளை பேதமில்ல எண்டு. அந்த ஆட்கள் ஆண்ட காலத்துல எங்கட கமக்காரருக்குப் போட்ட வரிசை இங்க இன்னும் ஒன்பது வருஷம் கிடந்தது. 2022ல 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்தபிறகுதான் மகன், மகள் எண்டு ரெண்டு படியா இருந்தது பிள்ளைகள் எண்டு ஒரே படியாச்சு. இது பெரிய மாற்றம், ஆனா எங்கட சனத்துல கனபேருக்கு இன்னும் இது தெரியாது, காணி ஆம்பிளப் பிள்ளைக்குத்தான் எண்டு சொல்லி அக்கா தங்கச்சிமார ஒதுக்கப் பாக்கிற சகோதரங்களும் இருக்காங்க, அப்பிடிச் சொன்னா நம்பாதீங்க.

இன்னொண்டும் இருக்கு. பின்னுரித்தாளருக்குக் காணி தானா வந்து சேராது, ஆறு மாதத்துக்குள்ள காணிக்குள்ள போய்க் கையில எடுக்கவேணும், எடுக்காட்டி சட்டத்துல உரித்துத் தவறிப் போச்சு எண்டு அர்த்தம். சண்டைக் காலத்துல இடம்பெயர்ந்து முகாம்ல கிடந்த சனம் எப்பிடி ஆறு மாதத்துக்குள்ள வயலுக்குள்ள போறது? எழுதினவர் போரை நினைச்சு எழுதேல்ல, ஆனா அந்தக் கணக்கு எங்கட ஆட்களை எவ்வளவு அலைச்சல் படுத்திச்சு எண்டு டிஎஸ் ஒஃபிஸ் காணிக் கிளை வாங்கில இருந்தவங்களுக்குத் தெரியும்.

உறுதிக் காணி, அதாவது சொந்தப் பத்திரம் உள்ள காணியெண்டா கதை வேற. திருகோணமலைத் தமிழ் ஆட்களுக்கு உயில் எழுதாமச் செத்தா 1876ஆம் ஆண்டுப் பொதுச் சட்டம், புருஷனோ மனிசியோ மிஞ்சினவருக்குப் பாதி, மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமனா, இதுல மகன் மகள் பேதம் அப்பவே இல்ல. யாழ்ப்பாணத்து ஆட்களெண்டா 1707ல டச்சுக்காரர் எழுதி எடுத்த தேசவழமை எண்ட வழக்கச் சட்டம், பரம்பரையா வந்த முதுசம், கலியாணத்துக்குக் குடுத்த சீதனம், கலியாணத்துக்குப் பிறகு தேடின தேடியதேட்டம் எண்டு சொத்தையே வகை பிரிச்சுத்தான் பங்கு, அங்கயிருந்து வந்து இங்க கலியாணம் கட்டின குடும்பங்கள்ல ஆருக்கு எந்தச் சட்டம் எண்டு லோயர்மாரே கனநேரம் பேசுவாங்க. கிண்ணியா, மூதூர் முஸ்லிம் ஆட்களுக்கு 1931ஆம் ஆண்டு 10ஆம் இலக்கச் சட்டம், அது மார்க்கப்படியான பங்குக்குப் போகும், அந்தச் சட்டத்துட இங்கிலிஷ் பேர்லயே சக்சஷன் எண்டு இருக்கு. ஆனா இங்க கிழக்குப் பக்கத்துல தமிழ் ஆட்களிட்டயும் சரி முஸ்லிம் ஆட்களிட்டயும் சரி, கலியாணத்தோட வீட்ட மகள் பேர்ல எழுதிற வழக்கம் பரவலா இருக்கிறதால, தாய் தகப்பன் கண்ண மூடக்குள்ள பங்கு போட வீடே மிச்சமிராது.

பயோவ மறக்கேல்ல. அங்கயும் ஒண்டு போக ஒண்டு வாறதுதான், ஆனா எழுதின சட்டம் இல்ல, வெயிலும் மண்ணும் விதையும்தான் வரிசைய முடிவு செய்யும். மண்ணே இல்லாத வெறும் பாறையில தொடங்கினா ப்ரைமரி சக்சஷன், 1883ல க்ரகடோவா எரிமலை வெடிச்சு சாம்பல் மூடின இடத்துல திரும்பப் பச்சை வந்தத இதுக்குத்தான் சொல்லித் தருவாங்க. மண் இருந்து, இருந்த மரம் செடி அழிஞ்சு போன இடமெண்டா செகண்டரி சக்சஷன். இத நீங்க புத்தகத்துல தேடத் தேவையில்ல, காட்டை வெட்டி எரிச்சுச் சேனை செய்துட்டு விட்ட காணியப் போய்ப் பாருங்க, முதல்ல புல்லும் களையும், அடுத்துப் பத்தையும் முள்ளும், கனவருஷம் கையே வைக்காட்டி பாலை, வீரை மாதிரி மெதுவா வளருற மரம் மேல வரும். முன்னுக்கு வந்ததுட நிழலும் உக்கின இலையும்தான் பின்னுக்கு வாறதுக்கு இடம் செய்து குடுக்குது. கடைசியில இப்பிடித்தான் ஒரு காடு வந்து நிக்கும் எண்டு க்ளெமென்ட்ஸ் எண்ட தாவர ஆராய்ச்சியாளர் 1916ல எழுதினார், அப்பிடி நிச்சயமில்ல, எந்த விதை எப்ப வந்து விழுந்தது எண்டதும் இருக்கு எண்டு க்ளீசன் எண்ட இன்னொரு தாவர ஆராய்ச்சியாளர் 1926ல மறுத்தார், எக்ஸாமுக்கு இந்த ரெண்டு பேரையும் ஞாபகம் வச்சிருங்க. 1990ல சண்டையால விட்டுட்டு ஓடின வயல் பலதுல இதுதான் நடந்தது, திரும்பி வந்து பத்தை வெட்டக்குள்ள வரம்பே தெரியாது, எங்க ஆர்ட காணி முடியுது எண்டு பிறகு சர்வேயரக் கூப்பிட்டுத்தான் பாத்தாங்க.

இன்னும் ஒரு விஷயம், இதக் கட்டாயம் சொல்லவேணும். காணிச் சக்சஷன் தொடங்குறது மரணத்தோட, அதுக்கு மரண அத்தாட்சிப் பத்திரம் வேணும். ஆள் காணாமப் போயிருந்தா? இங்க அப்பிடிக் குடும்பங்கள் எவ்வளவு. செத்தது எண்டு எழுதிக் கை எழுத்து வைக்கத் தாய்மாருக்கு மனம் வராது, அது நியாயம்தான், ஆனா எழுதாட்டிக் காணி அப்பிடியே அவர் பேர்லயே நிக்கும். 2016ல திருத்தச் சட்டம் வந்து, மரணம் எண்டு சொல்லாமக் காணாமப் போனவர் எண்டே ஒரு சான்றிதழ் எடுக்க வழி செய்தாங்க, சொத்தைப் பராமரிக்கிறது, உதவிக்கு விண்ணப்பிக்கிறது மாதிரி அலுவலுக்கு அத வச்சுப் போகலாம். உரித்து மாறுறதுக்கு எண்டு வந்தா அது போதாது. அம்மம்மாட பக்கத்துல அப்பிடி ஆரும் இருந்தா அதையும் முதல்லயே காணி உத்தியோகத்தரிட்டச் சொல்லுங்க.

உங்கட போர்ம்ல நொமினேஷன் ஒஃப் சக்சசர் எண்டு இருக்கெண்டா அம்மம்மா தனக்குப் பிறகு ஆருக்கு எண்டு எழுதுற இடம் அதுதான். பெர்மிட் அவட பேர்ல, அவ உயிரோட இருக்கிறா, அதால அட்டவணையில இருக்கிற வரிசை தேவையில்ல, அவ விரும்புற உறவுக்காரர எழுதலாம், உங்கட அம்மாவா இருந்தாலும் சரி மாமாவா இருந்தாலும் சரி. எழுதி வீட்டு அலுமாரிக்குள்ள வச்சாச் செல்லாது, அவ உயிரோட இருக்கக்குள்ளயே பதிவு செய்திருக்கவேணும், செத்த பிறகு கொண்டுபோய்ப் பதிய ஏலாது. பெர்மிட்டும் அடையாள அட்டையும் எழுதப்போற ஆளுட பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் எடுத்துக்கொண்டு அம்மம்மாவயும் கூட்டிக்கொண்டு போங்க, பதிஞ்ச பிறகு ஒரு கொப்பி கேட்டு வாங்குங்க.