லெட்ஜர் (பிட்காயின் சாவிகளைக் காக்கும் கருவி) தந்த 24 மீட்புச் சொற்களை எலக்ட்ரம் என்ற பிட்காயின் வாலட் செயலியில் போட்டால் இருப்பு பூஜ்யமா?

காசு எங்கும் போகலைங்க. நீங்க திறந்திருப்பது அதே சொற்களின் வேறொரு கிளை. வாலட்டில் இருப்பது சாவி மட்டும்தான், காசு பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில்.

முன்பு பணம் வாங்கிய முகவரியின் தொடக்கத்தைப் பாருங்க. 1 என்றால் பாதை (எந்தக் கிளை என்று சொல்லும் எண்) 44, 3 என்றால் 49, பிசி1க்யூ (bc1q) என்றால் 84. எலக்ட்ரம் தானாகத் தேர்ந்து வைப்பது 84. பழைய லெட்ஜர் கணக்குகளின் முகவரிகள் பெரும்பாலும் 3-இல் தொடங்கும்.

மறுபடி மீட்டெடுங்க: விருப்பங்களில் பிஐபி39 (BIP39, லெட்ஜர் பயன்படுத்தும் சொல்முறை) டிக், அடுத்த திரையில் சரியான முகவரி வகை. அப்பவும் பூஜ்யமா? பாஸ்ஃபிரேஸ் (24 சொற்களோடு நீங்களே கூடுதலாகச் சேர்க்கும் ரகசியச் சொல்) வைத்திருந்தீங்களா? ஓர் எழுத்து மாறினாலும் வேறு வாலட்தான் திறக்கும், பிழைச்செய்தியே வராது.

இன்னொன்று, கணினியில் தட்டிய சொற்கள் இனி ஹாட் வாலட் (இணையத்தோடு தொடர்புள்ள வாலட்) மாதிரிதான், பாதுகாப்பு குறைவு. லெட்ஜரில் புதுச் சொற்கள் உருவாக்கி, முழுத்தொகையையும் அங்கே மாற்றிடுங்க.