லண்டன்ல ரெண்டு குட்டீஸோட: டாக்ஸி வேண்டாம், டபுள் ஸ்ட்ரோலரும் வேண்டாம்

மூணு வயசு ஒண்ணு, ஒன்றரை வயசு ஒண்ணு, ஹீத்ரோ ஏர்போர்ட்ல இறங்கி பாடிங்டன் ஹோட்டலுக்கு டாக்ஸியே போட்டுடலாமா, ரெண்டு பேரும் உட்கார்ற டபுள் ஸ்ட்ரோலரைக் கொண்டு வரலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம்ங்க, எலிசபெத் லைன்ங்கிற ட்ரெயின்ல ஏறுங்க, மாறவே வேணாம், அரை மணி நேரம் முன்னபின்ன ஆகும், ரெண்டு ஸ்டேஷன்லயும் லிஃப்ட் இருக்கு. 5 வயசுக்குள்ள குழந்தைங்களுக்கு டிக்கெட் கிடையாது. பெரியவங்க மட்டும் ஆளுக்கொரு கார்டு (காண்டாக்ட்லெஸ் பேங்க் கார்டே போதும்) கேட்ல டேப் பண்ணணும், ஒரே கார்டை ரெண்டு பேருக்கும் தேய்க்க முடியாது.

ஆனா அந்த டபுள் ஸ்ட்ரோலரை ஊர்லயே விட்டுட்டு வாங்க. பஸ்ல ஸ்ட்ரோலர் நிறுத்துற இடமும் வீல்சேர் இடமும் ஒண்ணுதான், வீல்சேர்ல யாராவது ஏறினா அவங்களுக்குத்தான் முன்னுரிமை (அதான் நியாயமும்), அப்போ ஒரு கையில தூங்குற சின்னது, தோள்ல டயப்பர் பை, பஸ் வேற ஆடிட்டு போகும், இதுல டபுளை மடக்கிப் பாருங்க தெரியும். ஒத்தைக் கையால மடக்குற சிங்கிள் ஸ்ட்ரோலர், சின்னதை உடம்போட கட்டிக்க ஒரு கேரியர், போதும்.

டியூப்ல (சுரங்க ரயில்) பழைய ஸ்டேஷன் நிறைய இடத்துல லிஃப்டே இல்ல, படிதான், அதனால லண்டன் போக்குவரத்தைப் பார்த்துக்கிற டிஎஃப்எல் சைட்ல, படி ஏறாம போகக்கூடிய ஸ்டேஷன்களைக் காட்டுற ஸ்டெப்-ஃப்ரீ மேப் இருக்கு, இறக்கி வச்சுக்கோங்க. காலைல 9.30க்கு முன்னாடி கிளம்பாதீங்க, ஆபீஸ் கூட்டத்துல நசுங்கிடுவீங்க. ஊர் சுத்த பஸ்தான் பெஸ்ட், முதல் டேப்ல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள எத்தனை பஸ் மாறினாலும் ஒரே கட்டணம், பெரியவன் அழுது ஊரைக் கூட்டினா இறங்கி அடுத்த பஸ் புடிச்சுக்கலாம்.